துருவுக்கும் இல்லை, கிரீசுக்கும் இல்லை

கொழும்பு பஸ்ஸில் வந்த பொதியைப் பிரித்தபோது முதலில் எழும்பியது கிரீஸ் மணம்.

பொதியைத் தந்த கொண்டக்டர் படியை விட்டு இறங்கவில்லை. குனிந்து நீட்டினார். "அக்கா, மன்னாரால கொழும்புக்கு மீன் போறது தெரியும். கொழும்பால மன்னாருக்கு என்ன வருகுது, முள்ளோ?" என்று கேட்டார். பின்னால் இறங்க நின்ற சனம் சிரித்தது.

அப்படியான நேரத்தில் எனக்குப் பதில் வராது. கடைக்குத் திரும்பிக் கதிரையில் இருந்த பிறகுதான் வரும். அன்றைக்குக் கதிரையில் இருந்த பிறகும் வரவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்தது.

பெட்டிக்குள் கிடந்தது ஒரு கிராபிக்ஸ் கார்ட். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கொம்பியூட்டரில் கேம் விளையாடும்போது படம் தெளிவாகவும் தடங்கலில்லாமலும் ஓடுவதற்கென்று தனியாகப் போடுகிற பலகை அது. நான் விற்றது அந்த வகையிலேயே மலிவானது. இரண்டு உள்ளங்கை அளவு. ஒரு சின்னக் காற்றாடி. ஒரு பக்கத்தில் மெல்லிய இரும்புத் தகடு. மிஷினுக்கு வெளியே, பின்பக்கத்தில் தெரிவது அந்தத் தகடு மட்டும்தான்.

அந்தத் தகட்டில் யாரோ விரலால் தடவிய மஞ்சள் கிரீஸ் அப்படியே இருந்தது. கொழும்பில் ஒருவரும் அதைத் துடைக்கவுமில்லை, கார்ட்டைத் திருத்தவுமில்லை. போன மாதிரியே வந்திருந்தது.

ரெஜி அக்கா

போன கிழமை இந்தப் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்த ஒருவர், "உங்களுடைய பெயரை எங்கேயும் எழுதவில்லையே" என்று கேட்டிருந்தார். ஊரிலேயே அந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. கடைப் பலகையில் இருப்பது என் தம்பியின் பெயர். அவன் வைத்த கொம்பியூட்டர் கடை. ஆகவே நான் ரெஜி அக்கா.

கொஞ்ச நாளைக்குக் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் ரெஜி கனடாவுக்குப் போனான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. நான் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். கொம்பியூட்டரைக் கண்டால் தூசி தட்டுவேன், அவ்வளவுதான். முதல் வருடம் முழுக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "தம்பி இல்லையோ?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றால் போய்விடுவார்கள். "கனடாவில" என்றால் இன்னும் கெதியாகப் போய்விடுவார்கள்.

பிறகு பெட்டிகளை வாசிக்கத் தொடங்கினேன். ஆட்கள் இல்லாத நேரம் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பின்பக்கத்தில் இருக்கிற சின்ன எழுத்துகளை வாசிப்பேன். விளங்காததைப் போனில் தேடுவேன். மிச்சத்தைக் கடைக்கு வருகிற பொடியன்களின் சண்டையில் இருந்து படித்தேன்.

ரெஜி எனக்கு வைத்த சட்டம் ஒன்றுதான். "அக்கா, பழஞ்சாமான் வாங்கி விக்கக் கூடாது. புதுசு, வாரண்டியோட. எங்கட பேர் அதிலதான் நிக்குது."

எங்கட பேர் என்று அவன் சொன்னது அவனுடைய பேரை.

பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி

மலிவுக் கார்ட்டுகளை இரண்டு பெரிய கொம்பனிகள் போட்டிக்குச் செய்கின்றன. ஒன்றின் பெட்டி பச்சை, மற்றதின் பெட்டி சிவப்பு. இப்போது நீலத்திலும் ஒன்று வந்திருக்கிறது. பொடியன்களுக்கு இது தேர்தல் மாதிரி.

"அக்கா, உந்தப் பச்சையை ஏன் இன்னும் வைச்சிருக்கிறியள்? அதே காசுக்குச் சிவப்பு எட்டு ஜிபி தருது."

"எட்டு ஜிபி தந்து என்னடா, உன்ர மிஷினுக்குக் குடுக்கக் கரண்ட் இருக்கோ? சிவப்பைச் செருகினா உன்ர வீட்டு லைட்டும் சேர்ந்து நூர்ந்து இருட்டாகும்."

"நாலு ஜிபி எல்லாம் ஒரு கார்ட்டோ? அது திருவிழாவில விக்கிற விளையாட்டுப் போன்."

கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு பக்கமும் சொன்னதில் உண்மை இருந்தது. இன்டர்நெட்டில் ஆட்கள் ஒரு ரூபாய்க்குச் செக்கனுக்கு எத்தனை படம் என்று கணக்குப் போட்டு, இதுதான் பெறுமதி, இதைத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். அவர்களுடைய மிஷின்கள் வேறு. இங்கே முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது கந்தோர்களில் வேலைக்குப் பாவித்துக் கழித்துவிட்ட மிஷின். அதற்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி சின்னது. தனியாகக் கரண்ட் வயர் கேட்கிற கார்ட்டைச் செருகினால் மிஷினே எழும்பாது. வயர் கேட்காத நாலு ஜிபி பச்சை, எல்லாரும் நையாண்டி செய்கிற அந்தக் கார்ட்தான், எங்கள் பக்கத்துக்குச் சரி.

இதை நான் சத்தமாகச் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

டொலர் ஏறிய காலத்தில் பெட்டிகள் அலுமாரியிலேயே இருந்தன. மலிவுக் கார்ட் என்ற பெயர் மட்டும் மலிவாக இருந்தது. அந்தக் காலத்தில்தான் றோட்டுக்கு எதிர்ப்பக்கம் நியாஸ் கடை திறந்தார்.

நியாஸ் விற்றது பழைய கார்ட்டுகள். எங்கேயோ வெளிநாட்டில், இரவு பகலாக இன்டர்நெட் நாணயம் கிண்டுவதற்கு ஓட விட்டு, அந்த யாவாரம் படுத்ததும் கழித்து விட்டவை. கழுவித் துடைத்து, பெட்டி இல்லாமல், பிளாஸ்டிக் பையில் வைத்து விற்றார். என்னுடைய புதுக் கார்ட்டின் விலைக்கு அவரிடம் இரண்டு மடங்கு வலுவான கார்ட் கிடைத்தது. கரண்ட் பெட்டியும் பழையதாக, மலிவாக, அவரிடமே இருந்தது.

அவர் பொய் சொல்லி விற்றிருந்தால் எனக்கு வெறுக்க வசதியாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

"கேரண்டி இல்லை ராசா. கண் முன்னால ஓட்டிக் காட்டுறன், பிடிச்சா எடுங்கோ. நாளைக்குச் செத்தா எனக்கும் கவலை, உங்களுக்கும் கவலை. அவ்வளவுதான்" என்று றோட்டுக்கே கேட்கச் சொல்வார்.

எனக்கு அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எரியும். பச்சைக் கட்சியும் சிவப்புக் கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து றோட்டைக் கடந்து போயின.

எழுத்துத் தெரிய வேணும்

சந்தியோகு அண்ணை ஓலைத்தொடுவாயில் இருந்து வந்தவர். மீனவர். ஐம்பதைத் தாண்டியவர். மீன் விற்ற கையோடு வந்ததால் கடைக்குள் ஏறாமல் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, எழுத்துத் தெரியிற கார்ட் ஒண்டு வேணும்."

எல்லாரும் எத்தனை ஜிபி, எத்தனை எஃப்.பி.எஸ். என்றுதான் கேட்பார்கள். எழுத்துத் தெரிகிற கார்ட் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன எழுத்து அண்ணை?"

"றோட்டுப் பலகையில இருக்கிற எழுத்து."

துண்டு துண்டாகத்தான் சொன்னார். அவருடைய தம்பி மரியதாஸ் ஜெர்மனியில் லொறி ஓட்டியவர். போய்ப் பல வருடம். ஊருக்கு வரவேயில்லை. அண்ணன் பார்க்கட்டும் என்று ஒரு பழைய கொம்பியூட்டருக்குக் காசு அனுப்பினார். யாரோ வந்தவரிடம் ஒரு ஸ்டியரிங் கொடுத்துவிட்டார். ஐரோப்பா றோட்டுகளில் லொறி ஓட்டுகிற ஒரு கேமையும் போனிலேயே சொல்லிச் சொல்லிப் போடப் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போனில் இருப்பாராம். "இப்ப இடப்பக்கம் எடு. முன்னால பாலம் வரும். நேற்று நான் அதால போனனான்." அண்ணன் ஓலைத்தொடுவாயில் இருந்து அதே றோட்டில் ஓட்டிக்கொண்டு போவார்.

மரியதாஸ் அங்கேயே நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். அடக்கமும் அங்கேதான். இவருக்கு விசா கிடைக்கவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தார். பாதியில் சிக்னல் போய்விட்டது.

"அவன் கிடக்கிற ஊர் கேமுக்குள்ள இல்லைத் தங்கச்சி. சின்ன ஊர். ஆனா பெரிய றோட்டில அந்த ஊருக்குத் திரும்பிற இடத்தில பலகை இருக்குதாம். அவன் சொன்னவன். நான் ஓட்டிக்கொண்டு போனா எல்லாப் பலகையும் புகை மாதிரித்தான் தெரியுது. எழுத்துத் தெரியிறதுக்குள்ள தாண்டிப் போடுறன்."

தம்பியின் ஆண்டுப் பூசை வரும்போது அந்தப் பலகையடியில் போய் நிற்க வேண்டும் என்றார். "போய் நிற்க" என்றுதான் சொன்னார். ஓட்டிக் காட்ட என்றோ விளையாட என்றோ சொல்லவில்லை.

எதிர்ப்பக்கத்தில் நியாஸ் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, இஞ்சாலயும் ஒருக்கா வாங்கோ! அந்தக் காசுக்கு எட்டு ஜிபி தாறன். பலகை என்ன, பலகையில இருக்கிற ஆணியும் தெரியும்!"

சந்தியோகு அண்ணை என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் ஒருவரையும் ஒன்றை வாங்கச் சொல்லி வற்புறுத்தியதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"அது காசு கிண்டிக் களைச்ச கார்ட் அண்ணை. இது புதுசு. சீல் உடைக்கேல்லை. மூண்டு வருச வாரண்டி. பழுதானா கொம்பனி மாத்தித் தரும்."

நியாஸ் விடவில்லை. "அக்கா, உங்கட வாரண்டிக்கு நீந்தத் தெரியுமோ? மன்னார்த் தீவுக்குப் பாலம் தாண்டி வர வேணுமே!"

சந்தியோகு அண்ணை சிரித்தார். ஆனாலும் என்னிடமே வாங்கினார்.

பலகை

கார்ட்டை மிஷினுக்குள் பூட்டிக் கொடுக்க நானே ஓட்டோ பிடித்துப் போனேன். பூட்டுகிற வேலையும் அதற்குள் பழகியிருந்தது. ஸ்குரூ கழற்றுகிற வேலையில் பேசத் தேவையில்லை.

வீட்டில் அவருடைய மனைவி மதலேன் அக்கா இருந்தார். வாயடங்காத மனுசி. "இந்தாள் இவ்வளவு காலம் வள்ளத்தில போனார். இப்ப லொறியில போறார். லைசென்ஸ் இல்லாம ஜெர்மனியில ஓடுறார், தங்கச்சி. பொலிஸ் பிடிச்சா நான் பிணை எடுக்க வரமாட்டன்."

"நீ வராட்டி அங்கையே நிம்மதியா இருப்பன்" என்றார் அண்ணை.

மிஷின் கடல் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்து மூடியைக் கழற்றி விட்டிருந்தார், சூடு ஏறாமல் காற்றுப் பட. கார்ட்டோடு வந்த சின்னப் புத்தகத்திலும் காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்லிப் படம் போட்டிருந்தது. ஓலைத்தொடுவாயில் அதைவிடக் காற்றோட்டமான இடம் கிடையாது. அந்தப் படத்தைக் கீறியவர் இந்த உப்புக் காற்றைக் குடித்துப் பார்த்திருக்க மாட்டார். எங்கள் வீட்டு இரும்புக் கேற்றை அது தின்றது. என் சைக்கிளைத் தின்றது. தையல் மிஷினை, கடைப் பூட்டை, பலகையில் ரெஜியின் பெயருக்கு அடித்த ஆணிகளைத் தின்றது.

கார்ட்டைப் பூட்டினேன். அண்ணை ஸ்டியரிங்குக்கு முன்னால் நேராக நிமிர்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இருந்தார். லொறி நகர்ந்தது. இரண்டு பக்கமும் பச்சை வயல், வெள்ளைக் கோடு, மேகம். மதலேன் அக்கா கரண்டியோடு வந்து நின்றார்.

கன நேரம் ஓட்டினார். பிறகு தூரத்தில் ஒரு நீலப் பலகை வந்தது. கிட்டப் போகப் போக எழுத்துத் திரண்டது. அந்த ஊர்ப் பெயரை எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது. அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார், முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. லொறியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். சிலுவை போட்டார்.

மதலேன் அக்கா கரண்டியோடு குசினிக்குத் திரும்பிப் போய்விட்டார். நானும் ஸ்குரூக்களைப் பொறுக்கிக்கொண்டு எழும்பினேன். இந்தக் கடையைப் பார்க்கிற இவ்வளவு காலத்தில், நான் ஒரு பெறுமதியான சாமான் விற்றேன் என்று நினைத்த ஒரே நாள் அது.

காற்றுக் காலம்

காற்றுக் காலம் முடிகிற நேரத்தில் அவர் கார்ட்டைப் பழைய சாரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். திரையில் முதலில் கோடு கோடாக வந்ததாம். பிறகு ஒன்றுமே வரவில்லை.

துணியை விரித்ததும் கிரீஸைக் கண்டேன்.

"எஞ்சினுக்குப் பூசிற மாதிரி அந்தத் தகட்டுக்கு மட்டும் மெல்லிசா ஒருக்காப் பூசினனான் தங்கச்சி. உப்புக்கு. உள்ளுக்கைத் தொடேல்லை. பிழையோ?"

எங்கள் அப்பாவும் கடலுக்குப் போனவர். வள்ளம் கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணியில் ஓடவிட்டு, துடைத்து, கிரீஸ் போட்ட பிறகுதான் சாப்பிட வருவார். அவருடைய கையில் சோறும் கிரீசும் சேர்ந்து மணக்கும். எங்கள் கரையில் ஒருவர் பழைய எஞ்சின் வாங்கப் போனால் முதலில் கிரீஸைத்தான் தேடுவார். கிரீஸ் இருந்தால் வைத்திருந்தவர் நல்ல மனுசன். காய்ந்து கிடந்தால் திரும்பி வந்துவிடுவார்.

"பிழையில்லை அண்ணை" என்றேன்.

துடைத்துவிட்டு அனுப்பியிருக்கலாமே என்று இப்போது பலரும் எனக்குச் சொல்கிறார்கள். துணி என் கையில்தான் இருந்தது. வேண்டுமென்றே துடைக்கவில்லை. இந்தச் சாமானை ஒருவர் எவ்வளவு பக்குவமாகப் பார்த்திருக்கிறார் என்று கொழும்பில் கொம்பனியின் ஏஜென்ட் கந்தோரில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பக்குவமாக வைத்திருந்தும் பழுதானது, ஆகவே கார்ட்டில்தான் குறை, மாற்றித் தருவார்கள் என்று நினைத்தேன். கிரீஸ் எங்கள் பக்கத்துச் சாட்சி என்று எண்ணி அதைப் பொதி கட்டி அனுப்பினேன்.

பிறகு காத்திருப்பு. மீன் விற்றுவிட்டு அண்ணை வாசலில் வந்து நிற்பார். "கொழும்பால வந்ததோ?" நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். ஆண்டுப் பூசை கிட்ட வந்துகொண்டிருந்தது. பழையபடி கார்ட் இல்லாமல் ஓட்டிப் பார்த்தாராம். பலகைகள் மறுபடியும் புகையாகிவிட்டன. "எது அவன்ர பலகை எண்டு தெரியேல்லைத் தங்கச்சி. குத்துமதிப்பா ஓரிடத்தில நிண்டனான். மனம் கேக்கேல்லை."

எதிர்ப்பக்கத்து நியாஸ் அந்த நாட்களில் ஒன்றும் கத்திச் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

கொழும்புப் பேச்சு

கடைசியில் ஏஜென்ட் கந்தோரில் இருந்து போன் வந்தது. சின்னப் பெண் ஒருத்தியின் குரல்.

"மிஸ், இந்தக் கார்ட்ல என்னமோ பூசியிருக்கீங்களே, என்னது?"

"கிரீஸ்."

"கிரீஸா? கார்ட்டுக்கா?" பின்னால் யாரிடமோ சிங்களத்தில் சொன்னாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"அது உப்புக்குப் பூசினது, பிள்ளை. இஞ்ச கடல்காத்து. பூசாட்டித் துருப்பிடிக்கும்."

"அது சரி மிஸ். ஆனா வெளியில இருந்து எது பூசினாலும் வாரண்டி இல்ல."

"பூசாமல் விட்டுத் துருப்பிடிச்சால்?"

பாடமாக்கியதை ஒப்புவிப்பது போலச் சொன்னாள். "துருப்பிடிச்சாலும் வாரண்டி இல்ல மிஸ்."

"அப்ப என்ன செய்தால் வாரண்டி இருக்கும்?"

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவள் பேச்சை மாற்றினாள். அடுத்த பஸ்ஸில் பொதியை அனுப்பிவிடுவதாகச் சொன்னாள்.

அன்று பின்னேரம் ரெஜிக்குப் போன் எடுத்தேன். அங்கே விடியற்காலை. கொட்டாவியோடு கேட்டான்.

"அக்கா, கிரீஸ் பூசினா அவங்கள் என்ன செய்யிறது? நீங்கள் சனத்துக்குச் சொல்லித்தானே விக்க வேணும்."

"ரெஜி, இது மன்னார். நீ இஞ்ச பிறந்தனி."

"அதுக்கு?" என்றான்.

மூன்று வருட வாரண்டி என்று அச்சடித்த பெட்டிகள் எனக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம் அது மூன்று வருடம். இந்தப் பக்கம் அது பெட்டியில் அச்சடித்த வெறும் படம். நியாஸ் தன் சாமானுக்கு கேரண்டி இல்லை என்று கத்தித்தான் விற்றார். நானும் கேரண்டி இல்லாத சாமானைத்தான் விற்றேன், கூடின விலைக்கு, மெதுவான குரலில்.

ஆண்டுப் பூசை

இப்படித்தான் அந்தப் பொதி திரும்பி வந்தது, முள்ளாக.

ஆண்டுப் பூசை அன்று கடையைத் திறக்கவில்லை. அலுமாரியில் இருந்து அதே மாதிரிப் புதுப் பெட்டி ஒன்றை எடுத்துப் பையில் வைத்தேன். ரெஜியிடம் கேட்கவில்லை. பஸ்ஸில் ஓலைத்தொடுவாய்க்குப் போனேன். வழி முழுக்க, கொடுக்கும்போது என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு போனேன்.

ஒழுங்கையில் திரும்பியதும் லொறிச் சத்தம் கேட்டது.

முதலில் ஏதோ மீன் லொறி என்று நினைத்தேன். அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் லொறி வராது. வேலிக்கு வெளியே நின்றேன். கியர் மாறியது. சத்தம் இறங்கியது. பிறகு எஞ்சின் நின்றது. கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.

திரும்பிப் போக நினைத்தேன். மதலேன் அக்கா கண்டுவிட்டார். "ஐயோ, ஏன் வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ. பூசை முடிஞ்சு இப்பதான் வந்தனாங்கள்."

உள்ளே அண்ணை பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தார். திரையில் அந்த நீலப் பலகை. லொறி அதை எட்டாமல், வெகு தூரத்திலேயே நின்றது. அவ்வளவு தூரத்தில் இருந்தும் ஒவ்வொரு எழுத்தும் வெட்டினாற்போலத் தெரிந்தது. என்னுடைய கார்ட்டில் அப்படித் தெரிந்ததேயில்லை. கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது.

அவர் எழும்பி நின்றார். களவு பிடிபட்டவர் மாதிரி.

"தங்கச்சி... சனிக்கிழமை நியாஸிட்ட எடுத்தனான். உங்களுக்குத் தெரிய வேண்டாம் எண்டு அந்தாள்தான் சொன்னது. பின்பக்கத்தால வரச் சொல்லித் தந்தது. 'அக்கா பாவம், மனம் நோகும்' எண்டு."

என்னிடம் இருந்து வியாபாரத்தை எடுத்தவர் எனக்கு இரக்கமும் காட்டியிருந்தார். எது கூடக் கசந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

"அதில என்ன அண்ணை" என்றேன். பஸ்ஸில் பாடமாக்கிய ஒன்றும் உதவவில்லை.

மதலேன் அக்காவின் கண் என் பையில் விழுந்தது. "அது என்ன, பெட்டி?"

மறைக்கத் தெரியவில்லை. எடுத்து மேசையில் வைத்தேன். "உங்களுக்கெண்டுதான் கொண்டு வந்தனான். புதுசு."

அண்ணை பெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "ஒருக்காத் திறந்து பாப்பமே" என்றார். சீலை அவரே நகத்தால் கீறினார். உள்ளே இருந்த பளபளப்புப் பையில் இருந்து கார்ட்டை வெளியே எடுத்தார்.

ஒரு கை படாத கார்ட். தகட்டின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். என் கண்ணாடி அலுமாரிக்குள், பெட்டிக்குள், சீலுக்குள் இருந்தபடியே துருப்பிடித்திருந்தது.

அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பழைய எஞ்சின் பார்க்கிற பார்வை. என்னை நோகடிக்கிற எண்ணம் அவரிடம் துளியும் இல்லை.

"கிரீஸ் பூசி வைச்சிருக்கலாம் தங்கச்சி" என்றார்.

தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் கார்ட்டை அவர் வாங்க மறுத்துவிட்டார். திரும்பிய பஸ்ஸில் பை மடியில் கிடந்தது.

இரண்டு அடுக்கு

இப்போது என் அலுமாரியில் இரண்டு அடுக்கு இருக்கிறது. மேல் அடுக்கில் சீல் உடைக்காத பெட்டிகள். கீழ் அடுக்கில் நான் உடைத்தவை. ஒவ்வொரு கார்ட்டாக வெளியே எடுத்து, தகட்டைத் துடைத்து, விரலால் மெல்லிசாகக் கிரீஸ் பூசி, திரும்ப வைத்திருக்கிறேன். கடைக்குள் இப்போது அப்பாவின் கை மணக்கிறது. திரும்பி வந்த சந்தியோகு அண்ணையின் கார்ட்டும் அங்கேதான் இருக்கிறது. செத்த கார்ட். ஆனால் என் கடையில் ஆகப் பளபளக்கிற தகடு அதற்குத்தான்.

அண்ணை இப்போதும் வருவார். மவுஸ், வயர் என்று ஏதாவது சின்னச் சாமான் வாங்குவார். தேவைக்கு வாங்குகிறாரா, எனக்காக வாங்குகிறாரா என்று நான் கேட்பதில்லை. நியாஸ் எதிர்ப்பக்கத்தில் இருந்து கை காட்டுவார். நானும் தலையை ஆட்டுவேன்.

போன கிழமை அடம்பன் பக்கத்தில் இருந்து ஒரு பொடியன் வந்தான். கீழ் அடுக்கில் இருந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலில் பிசுபிசுத்ததை மணந்து பார்த்தான்.

"என்ன அக்கா, சீல் உடைஞ்சு கிடக்குது? இதுக்கு வாரண்டி இல்லையோ?"

"இல்லை" என்றேன். "வாரண்டி உள்ளது மேல் தட்டில இருக்கு."

"அப்ப அதில ஒண்டு தாங்கோ."

"தாறன். அது துருப்பிடிச்சது. பரவாயில்லையோ?"

அவன் என்னைப் பார்த்தான், மேல் அடுக்கைப் பார்த்தான், பிறகு திரும்பி றோட்டுக்கு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தான்.